அடைத்த வாசலில் ஒரு குரல்

யூதாவின் மலைநாட்டில் பெத்தாமோர் என்று மதில் சூழ்ந்த ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் திர்சாள் என்ற தீர்க்கதரிசினி வாழ்ந்தாள். தலையில் நரை விழாத வயது. அவளுக்கு ஒரே ஒரு சீடன். பெயர் பெதாயா. அவளைவிட வயதில் மூத்தவன். முன்பு அந்த ஊரின் வாசல்காவலுக்குத் தலைவனாக இருந்து, ஈட்டியை வைத்துவிட்டு வந்தவன்.

திர்சாளுக்குக் கொடுக்கப்பட்ட வார்த்தை ஒன்றுதான்.

பஞ்சம் வந்தபோது ஊரின் ஏழைகள் ஒரு வாய் வாற்கோதுமைக்காகத் தங்களையே அடிமைகளாக ஒப்புக்கொடுத்தார்கள். அப்படி வந்தவர்களை ஏழாம் வருஷத்தில் விடுதலையாக்க வேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை. ஏழாம் வருஷம் வந்தது. போகவும் போயிற்று. ஒருவரும் விடவில்லை. அன்றிலிருந்து திர்சாள் விடிந்ததும் எழுந்து ஊர் வாசலுக்குப் போவாள். மூப்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் நின்று, "உங்கள் சகோதரரை விட்டுவிடுங்கள், பிழைப்பீர்கள்" என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டாள். வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போய், கழுதை கத்துவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சாணியை எறிந்தார்கள். அவள் முக்காட்டைத் துவைத்துக் காயவைத்துக்கொண்டு மறுநாளும் போனாள்.

அன்று காலையில் வடக்கே புகை தெரிந்தது.

வடதேசத்துச் சேனை வருகிறது என்று மலையோரத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இப்போது அது கண்ணுக்கே தெரிந்தது. அடுத்த மலைக்கு அப்பால் ஏதோ ஓர் ஊர் எரிந்துகொண்டிருந்தது.

திர்சாள் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பெதாயா வாசற்படியில் வழிமறித்து நின்றான்.

"இன்றைக்குமா அம்மா?"

"இன்றைக்கும்தான்."

"நேற்று கெமரியா சொன்னது காதில் விழுந்ததா இல்லையா?"

"விழுந்தது."

கெமரியா மூப்பர்களில் பெரியவர். இனி ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தால் அவளை வெளியே தள்ளி வாசலை அடைத்துவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். வாசலுக்கு வெளியே இருப்பது இனி சேனைதான்.

"அவர்கள் கேட்கப்போவதில்லை," என்றான் பெதாயா. "அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கர்த்தருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துமா உங்களைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்?"

"தண்ணீர்த் துருத்தியை எடுத்துக்கொள்ளும்," என்றாள் திர்சாள்.

"நான் கேட்டதற்கு இது பதிலா?"

"இல்லை. வெயில் ஏறப்போகிறது. அதற்காகச் சொன்னேன்."

அவன் தோல் துருத்தியில் தண்ணீர் நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தான். தெருவில் வழக்கமாக விளையாடும் பிள்ளைகள் இல்லை. வீடுகளின் கதவிடுக்குகளிலிருந்து கண்கள் பார்த்தன. ஒரு வீட்டுக்குள் யாரோ, "போகிறாள் பார்" என்றார்கள். அந்தக் குரலில் கேலி இல்லை. பயம்தான் இருந்தது.

வாசலில் அடிமைகள் கல் சுமந்துகொண்டிருந்தார்கள். எதிரி முட்டினால் உடையாதபடி கதவுக்குப் பின்னால் குவிப்பதற்கான கல். வெண்கலப் பட்டை அடித்த இரட்டைக் கதவில் ஒன்றை ஏற்கெனவே சாத்தியிருந்தார்கள். மற்றது பாதி திறந்திருந்தது.

கெமரியா ஓர் ஓரத்தில் நின்றார். அவருடைய இளைய மகன் எல்லைக் காவலில் இருந்தான். எரிகிற அந்த ஊரின் பக்கம்தான். அவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. திர்சாளைக் கண்டதும் அவர் கையை உயர்த்தினார்.

"திர்சாள், சற்று நில். நான் உன்னை மிரட்டவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன். இன்று ஒரு நாள் வேறு ஏதாவது சொல். சேனை திரும்பிப்போகும் என்று சொல். ஜனங்கள் இரவெல்லாம் தூங்கவில்லை. உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் அவர்களுக்குத் தெம்பு வரும்."

"என்னிடம் வேறு வார்த்தை இல்லை, மூப்பரே."

"அப்படியானால் பேசாமல் வீட்டுக்குப் போ. அதுகூடப் போதும்."

அவள் பேசாமலே திரும்பிவிடுவாள் என்று பெதாயா ஒரு கணம் நம்பினான். அப்படி நடக்கவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

"உங்கள் சகோதரரை விட்டுவிடுங்கள்," என்றாள் திர்சாள். "பிழைப்பீர்கள்."

கல் சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"இப்போது விட்டால் மதிலுக்குக் கல் யார் சுமப்பது?" என்றார் கெமரியா. அவர் உண்மையாகவே கேட்டார். "யோசித்துப் பேசு. இவர்கள் கையை எடுத்தால் சாயங்காலத்துக்குள் நாம் எல்லோரும் சாவோம். அவர்களும்தான்."

"விட்டுவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சுமப்பார்கள்."

கல்கூடையோடு நின்ற ஒரு பெண் தலையை நிமிர்த்தினாள். அவள் பெயர் ஆசுபாள். நிமிர்ந்த அந்த முகத்தைக் கெமரியாவும் பார்த்தார். அவருடைய பயம் கோபமாக மாறியது அப்போதுதான்.

"இவளை வெளியே தள்ளுங்கள்," என்றார்.

காவலுக்கு இப்போது தலைவன் ஓசேம் என்ற இளைஞன். ஈட்டி பிடிக்கப் பெதாயாவிடம் கற்றவன். அவன் வீரர்கள் திர்சாளின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் திமிறவில்லை. ஓசேம் பெதாயாவின் பக்கம் வந்து தணிந்த குரலில் பேசினான்.

"தலைவரே, நீங்கள் உள்ளே நில்லுங்கள். எங்களுக்குக் கைகள் போதவில்லை. உங்கள் ஈட்டி இன்னும் காவலறையில்தான் இருக்கிறது. யாரையும் அதைத் தொட விடவில்லை."

பெதாயா காவலறைப் பக்கம் பார்த்தான். சுவரில் சாய்ந்திருந்தது அவனுடைய ஈட்டி. அந்த மதிலின் ஒவ்வொரு கல்லும் அவனுக்குத் தெரியும். எந்த இடத்தில் எதிரி ஏணி வைப்பான், எங்கிருந்து அவனை மடக்கலாம் என்று தெரியும். ஊருக்கு ஆபத்து வரும்போது தன் இடம் எது என்பதில் அவனுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. உள்ளங்கை அரித்தது.

திர்சாள் கதவைத் தாண்டிப் போயிருந்தாள். வெயிலில் தனியாக நின்றாள். துருத்தி இவன் தோளில் இருந்தது.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அவன் வெளியே போனான்.

"வருகிறீர்களா தலைவரே? மூடவேண்டும்," என்றான் ஓசேம்.

பெதாயா துருத்தியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாயில் வரவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்மரம் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வெளியிலிருந்து அவன் கேட்டதே இல்லை.

திர்சாள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கீழே பள்ளத்தாக்கில் புழுதி கிளம்பியிருந்தது. இன்னும் தூரம்தான்.

பெதாயாவுக்குப் பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"கிழக்குச் சரிவில் குகைகள் இருக்கின்றன," என்றான். "ஆட்டுப்பாதை எனக்குத் தெரியும். இப்போதே புறப்பட்டால் போய்விடலாம். இனி உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மா. நீங்கள் சொன்னீர்கள். அவர்கள் துரத்தினார்கள். அதோடு முடிந்தது."

அவள் துருத்தியின் வாயைக் கட்டி அவனிடம் கொடுத்தாள். எழுந்தாள். கீழே இறங்கும் பாதைக்குப் போகாமல் வாசலை நோக்கி நடந்தாள். வழியில் கைக்கு அடக்கமான ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டாள். கதவின் வெண்கலப் பட்டையில் அதைக்கொண்டு தட்டினாள்.

பெதாயாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"திறக்கமாட்டார்கள் அம்மா."

"தெரியும்."

"உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சப்போகிறீர்களா?"

"இல்லை."

அவள் இரண்டு கதவுகளும் சேரும் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள். அதே வார்த்தை. அதே குரல். காலையில் கூடியிருக்கும் மூப்பர்களிடம் சொல்வதுபோலவே.

மதில்மேலிருந்து வசவு வந்தது. பிறகு கல் வந்தது. ஒன்று அவள் தோளில் பட்டது. பெதாயா அவளை வாசல் வளைவுக்குள் இழுத்துக் கதவோடு ஒட்டி நிறுத்தினான். அவள் தோளில் இரத்தம் கசிந்தது. அதைப் பார்த்ததும் இவ்வளவு நாள் அடக்கிவைத்திருந்தது அவனிடமிருந்து வெளியே வந்துவிட்டது. குரலை உயர்த்தாமல்தான் பேசினான்.

"எரியட்டும் அம்மா. நீங்கள் கூப்பிட்டதெல்லாம் போதும். நான் குகை வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதலில் கெமரியாவின் கூரை எரியவேண்டும். அதைப் பார்த்தால்தான் என் வயிறு குளிரும். கர்த்தரும் அதைத்தான் செய்யவேண்டும். எப்போதோ செய்திருக்கவேண்டும்."

திர்சாள் தோளை முக்காட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பெதாயா, நீர் இந்த வாசலில் ஈட்டியோடு நின்ற காலத்தில் என் குரல் உமக்குக் கேட்டதா?"

"தினமும் கேட்டது."

"ஒரு நாள் ஈட்டியின் அடிக்கட்டையால் என் விலாவில் குத்தினீர்."

அவன் தலை குனிந்தது. "குத்தினேன்."

"பிறகு ஒரு நாள் உம்முடைய வீட்டில் இருந்த அடிமைகளை விடுதலையாக்கிவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர். அன்று நான் புதிதாக என்ன சொன்னேன்?"

பெதாயா யோசித்தான். மழை விட்ட ஒரு காலை அது. தெருவெல்லாம் சேறு. அவளுடைய பாதங்களும் சேறு.

"புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதுதான். அன்று ஏனோ அது எனக்குச் சொல்வதுபோல இருந்தது."

"அதற்கு முந்தின காலைகளில் எந்தக் காலையில் நான் வராமல் இருந்திருக்கலாம்?"

அவள் திரும்பிக் கதவைத் தட்டினாள்.

சூரியன் தலைக்குமேல் வந்தது. பள்ளத்தாக்கின் புழுதி இப்போது அகலமாகத் தெரிந்தது. பெதாயா புழுதியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டுவாள். சொல்வாள். சற்று நிறுத்திக் காது கொடுப்பாள். அந்த நிறுத்தம்தான் அவனை வதைத்தது. அந்தப் பக்கம் ஒருவர் எழுந்து வந்துகொண்டிருக்கிறார் என்று நம்பி, அவருக்கு நேரம் கொடுப்பதுபோல இருந்தது அது.

அப்படி ஒரு நிறுத்தத்தில் இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, நான் ஓசேம். தயவுசெய்து போய்விடுங்கள். உங்கள்மேல் அம்பு விடச் சொல்கிறார்கள். வீரர்கள் இதுவரை கேட்கவில்லை. இனிமேல் கேட்டுவிடுவார்கள்."

"ஓசேம், உன் வீட்டில் மாவு அரைப்பது யார்?"

"ஆசுபாள்."

"இப்போது எங்கே இருக்கிறாள்?"

"இங்கேதான். கல் சுமக்கிறாள்."

ஓசேம்தான் மறுபடி பேசினான். குரல் மாறியிருந்தது.

"அவளை விட்டால் ஊர் பிழைத்துவிடுமா?"

"ஊரைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை."

பெதாயா கதவில் காதை வைத்தான். உள்ளே அந்த இளைஞன் நின்றுகொண்டே இருப்பது தெரிந்தது. அந்த நிற்பு எப்படிப்பட்டது என்பதும் அவனுக்குத் தெரியும். கால் நகராது. வாய் உலர்ந்துபோகும். விடு தம்பி, விட்டுவிடு என்று அவனையறியாமல் அவன் உதடு அசைந்தது. கெமரியாவின் கூரை எரிவதைப் பார்க்கவேண்டும் என்று சற்றுமுன் சொன்னவன் அவன்தான்.

ஓசேமின் காலடிகள் விலகிப்போயின. பேச்சுக்குரல்கள். ஒரு கூச்சல். யாரோ அதட்டினார்கள். பிறகு பெரிய கதவுக்குள் இருந்த சிறிய திட்டிவாசலின் தாழ் நகர்ந்தது. குனிந்து ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய வழி அது. அதன் வழியே ஆசுபாள் வெளியே வந்தாள். தலையெல்லாம் கல்புழுதி. வெறும் கூடை இன்னும் கையில் இருந்தது.

"எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்," என்றான் ஓசேம் உள்ளிருந்து. "இவள் இனி எனக்கு அடிமை இல்லை. உள்ளே இருக்கவும் செய்யலாம், போகவும் செய்யலாம். அவள் இஷ்டம்."

அவனுக்குப் பின்னால் கெமரியாவின் குரல் கேட்டது. "யாரைக் கேட்டு அதைத் திறந்தாய்?"

"என்னுடையவளைத்தான் விட்டேன், மூப்பரே. உங்களுடையவர்களைத் தொடவில்லை."

அதன்பிறகு நடந்ததைப் பெதாயா எதிர்பார்க்கவில்லை. செக்கு வைத்திருந்த ஒருவர் தன் வேலைக்காரனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து திட்டிவாசலில் விட்டார். ஒரு விதவை தன் வீட்டிலிருந்த தாயையும் மகளையும் கொண்டுவந்து விட்டு, அழுதுகொண்டே அவர்களோடு தானும் வந்துவிட்டாள். சிலர் வாசல்வரை வந்து திரும்பிப் போனார்கள். சிலர் வரவே இல்லை. விடுதலையானவர்களில் சிலர் வெளியே வராமல், மறுபடி கூடையை எடுத்துக்கொண்டு மதிலுக்குக் கல் சுமக்கப் போனார்கள். யாரும் அவர்களை ஏவவில்லை.

"இவர்களை அழைத்துக்கொண்டு போம்," என்றாள் திர்சாள்.

"நீங்கள்?"

"போம் பெதாயா. புழுதியைப் பாரும்."

அவன் அவர்களை ஆட்டுப்பாதை வழியாகக் கிழக்குச் சரிவுக்கு இறக்கினான். முட்செடிகள் கால்களைக் கிழித்தன. குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டார்கள். எல்லோரும் குகைக்குள் போன பிறகு, தண்ணீர்த் துருத்தியை அவர்களிடம் விட்டுவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினான். பெத்தாமோரின் கதையைப் பின்னாளில் சொன்னவர்களெல்லாம் அந்தக் குகைகளில் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள்தான்.

அவன் மலைமுகட்டுக்கு வந்தபோது சேனையின் முன்படை ஓடையைக் கடந்துகொண்டிருந்தது. சாயும் வெயிலில் ஈட்டிமுனைகள் மின்னின. குதிரைகளின் கனைப்பு கேட்டது. அவன் வாசலை நோக்கி ஓடினான்.

ஆசுபாள் குகைக்கு வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். அவள் திர்சாளின் பக்கத்தில் நின்றாள். அவள் கையிலும் ஒரு கல் இருந்தது.

"என் அக்கா கெமரியா வீட்டில் இருக்கிறாள்," என்றாள் அவனிடம்.

மதில்மேலிருந்து ஓசேம் குனிந்தான். "தலைவரே, இனித் திறக்க வழியில்லை. திட்டிவாசலுக்குப் பின்னாலும் கல்லைக் குவித்துவிட்டார்கள். இவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்."

அவனுக்குப் பக்கத்தில் கெமரியா நின்றார். அவர் வடக்கே ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் கிழவராகிவிட்டதுபோல இருந்தது அவர் முகம். திர்சாள் வளைவிலிருந்து வெளியே வந்து, அம்பு எட்டும் வெட்டவெளியில் நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"உங்கள் சகோதரரை விட்டுவிடுங்கள், மூப்பரே. பிழைப்பீர்கள்."

யாரும் கல் எறியவில்லை.

"கேட்டுவிட்டேன், திர்சாள்," என்றார் கெமரியா. "கேட்டேன் அம்மா. ஆனால் இனி நேரம் இல்லை."

"இருக்கிறது," என்றாள் அவள்.

அவர் மதிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இறங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. திர்சாள் வளைவுக்குள் திரும்பிவந்து கல்லை எடுத்தாள். அவள் விரல்கள் தோலுரிந்திருந்தன.

குதிரைகள் ஏற்றத்தில் ஏறத் தொடங்கிவிட்டன. தரை அதிர்வது பெதாயாவின் உள்ளங்காலில் தெரிந்தது. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிட அவனால் முடியும். கையை நீட்டியும்விட்டான். பிறகு அந்தக் கையை இறக்கிக்கொண்டான்.

"அம்மா," என்றான், "எதுவரைக்கும்?"

திர்சாள் வெண்கலப் பட்டையில் தட்டினாள். நிறுத்தினாள். காது கொடுத்தாள்.

"கதவு இருக்கிறவரைக்கும்," என்றாள்.